படித்தாயிற்று, இனி இந்தப் புத்தகம் யாருக்கு?

புத்தகத்தின் எடை வாடகை வீட்டில் இருப்பவருக்குத்தான் சரியாகத் தெரியும். சென்னையில் நான்காவது முறை வீடு மாற்றியபோது, சாமான் ஏற்ற வந்தவர்களில் வயதில் மூத்தவர் ஓர் அட்டைப்பெட்டியை அசைத்துப் பார்த்துவிட்டு, “உள்ளே என்ன சார், அம்மிக்கல்லா?” என்று கேட்டார். புத்தகம் என்றதும் பெட்டிக்கு இவ்வளவு என்று தனிக்கூலி பேசினார். அவர் கேட்டது நியாயம். டிவி வந்த பெட்டியில் வாய்வரை புத்தகம் அடுக்கியது என் புத்தி. அன்று இரவு புது வீட்டுக் கூடத்தில் பதினேழு பெட்டிகளுக்கு நடுவே பாயை விரித்துப் படுத்தபோதுதான் கவனித்தேன்: ஏழு பெட்டிகளின்மேல் முந்தைய வீட்டுக்கு வரும்போது ஒட்டிய டேப் அப்படியே இருந்தது. மூன்று வருடம் அவற்றை நான் திறக்கவே இல்லை.

நாலைந்து வருடமாகப் புத்தகம் வாங்கிப் படிக்கத் தொடங்கி, முதல் அலமாரி நிறைந்து, இரண்டாவது அலமாரி வாங்குவதா வேண்டாமா என்று நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தாத்தா காலத்துச் சேகரிப்பு வீட்டில் இருப்பவர்கள் நடுவில் வரும் ‘எடைக்குப் போடுமுன்’ என்ற பகுதியை முதலில் படித்துவிடுங்கள். மற்றவை அப்புறம்.

தொடங்கும் முன் வீட்டுக்குள் ஒரு தடை வரும். புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வளர்ந்தவர்கள் நாம். சரஸ்வதி பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைத்ததை வெளியே அனுப்புவதா என்று அம்மா கேட்பார். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது முதல் விதி. மேடையில் எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். எனக்குக் கைகொடுத்தது மூன்றாவது: ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர் உண்டு. நூலகத்துக்காகச் சொன்னதுதான் என்றாலும், வீட்டு அலமாரி முன் நிற்கும்போது இதைவிட நல்ல அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை. இந்தப் புத்தகத்தின் அடுத்த வாசகர் யார்? அது நானே என்றால் இருக்கட்டும். வேறொருவர் என்றால் அவர் எங்கே இருக்கிறார் என்று தேட வேண்டும். அம்மாவிடம் இப்படிச் சொன்னபோது, “கொடுக்கிறதென்றால் சரி, எடைக்குப் போடாதே” என்று இறங்கிவந்தார்.

முடித்த கையோடு முடிவெடுக்காதீர்கள்

கடைசிப் பக்கத்தை மூடிய சூட்டில் எந்தப் புத்தகமும் ஒன்று தெய்வமாகத் தெரியும், அல்லது காசைக் கரியாக்கியதாகத் தெரியும். இரண்டையும் நம்பக்கூடாது. அலமாரியில் ஓர் அடி நீளத்துக்கு ஓர் இடத்தைக் காலிசெய்து, அதைக் காத்திருப்பு அடுக்காக வையுங்கள். இருநூறு பக்கப் புத்தகங்கள் இருபதாவது அதில் நிற்கும். படித்து முடித்தவை எல்லாம் முதலில் அங்கேதான் போக வேண்டும். பின்னட்டையின் உட்பக்கத்தில் பென்சிலால் தேதியையும் ஒரே ஒரு வரியையும் எழுதுங்கள். ‘நன்றாக இருந்தது’ என்று எழுதினால் பயனில்லை. ‘சந்தைக் காட்சி’, ‘நடுவில் நூறு பக்கம் தள்ளிவிட்டேன்’, ‘மாமாவுக்குப் பிடிக்கும்’ என்று குறிப்பாக இருக்க வேண்டும்.

அடுக்கு நிறைந்த ஞாயிற்றுக்கிழமை உட்காருங்கள். இருபதும் தரையில் இறங்கட்டும். தலையணைபோல் வைத்துக்கொள்ளத் தோன்றிய நாவல் ஒன்றின் கதாநாயகன் பெயர் மூன்று மாதத்தில் எனக்கு மறந்துபோயிற்று. ஏரி மதகுகளைப் பற்றிய ஒரு சிறு நூலைக் கொட்டாவி விட்டுக்கொண்டே படித்தேன். பிறகு அதை நான்கு முறை தேடி எடுத்திருக்கிறேன். படித்த அன்றே தீர்ப்பு எழுதியிருந்தால் நாவல் இருந்திருக்கும், மதகு போயிருக்கும்.

மொத்த அலமாரியையும் ஒரே நாளில் கொட்டிக் கவிழ்க்கும் யோசனை வேண்டாம். மதியத்துக்குள் பழைய பஸ் டிக்கெட்டுகளையும் யாரோ எழுதிய கடிதங்களையும் படித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவீர்கள். இரவு படுக்க இடம் வேண்டி எல்லாவற்றையும் மறுபடி உள்ளே திணிப்பீர்கள். ஒருநாளைக்கு ஓர் அடுக்கு போதும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

முதல் கேள்வி, இதை மறுபடி திறப்பேனா என்பது. முழுதாகத் திரும்பப் படிப்பது வேறு, எடுத்துப் புரட்டுவது வேறு. கவிதை, அகராதி, உரை நூல், சமையல் புத்தகம் ஆகியவை புரட்டுவதற்கென்றே இருப்பவை. அவற்றில் கைவைக்க அவசரமில்லை. நாவலும் வாழ்க்கை வரலாறும்தான் நம்மை ஏமாற்றும். ‘ஓய்வு பெற்றபின் நிதானமாகப் படிப்பேன்’ என்று எடுத்துவைத்தவற்றை ஓய்வு பெற்றவர்கள் எத்தனை பேர் படித்தார்கள் என்று உங்கள் உறவினரிடமே கேட்டுப் பாருங்கள். புத்தகத்தின் மேல்விளிம்பில் விரலை ஓட்டினாலும் தெரிந்துவிடும். இரண்டு வருடத் தூசு பொய் சொல்லாது.

இரண்டாவது கேள்விதான் தமிழ் வாசகருக்கு முக்கியமானது: கொடுத்துவிட்டால் பிறகு கிடைக்குமா? ஆங்கிலத்தில் பரவலாக விற்ற நூல் என்றால் யோசிக்கவே வேண்டாம், எப்போதும் எங்காவது ஒரு பிரதி இருக்கும். தமிழில் நிலைமை அப்படியில்லை. சில நூறு பிரதி அச்சிட்டு, விற்றதும் மறுபதிப்பு வராமலே போன நல்ல நூல்கள் ஏராளம். பதிப்பகத்தை ஒரே மனிதர் நடத்தியிருப்பார். அவரோடு அந்தப் பட்டியலும் போய்விடும். ஆகவே தலைப்புப் பக்கத்துக்குப் பின்னால் இருக்கும் பதிப்பு விவரத்தைப் பாருங்கள். ஐந்தாம் பதிப்பு, பன்னிரண்டாம் பதிப்பு என்று இருந்தால் தைரியமாகக் கொடுக்கலாம். முதல் பதிப்போடு நின்று, பத்து வருடம் ஆகியிருந்தால் இரண்டு தடவை யோசியுங்கள்.

இதில் நமக்கென்றே ஒரு வசதி இருக்கிறது. தமிழ்நாடு அரசு நூற்றுக்கும் மேற்பட்ட எழுத்தாளர்களின் படைப்புகளை நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. 1949-இல் பாரதியாரின் எழுத்துகளோடு தொடங்கிய வழக்கம் அது. நாட்டுடைமை ஆனவற்றை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்பதால் நான்கைந்து பதிப்பகங்களின் பதிப்பு சந்தையில் இருக்கும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும், 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற மின்னூல் தளத்திலும் பலவற்றைக் காசில்லாமல் படிக்கலாம். நாட்டுடைமை ஆகாவிட்டாலும், ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு கடந்துவிட்டால் இந்தியச் சட்டப்படி பதிப்புரிமை முடிந்துவிடுகிறது. இலங்கைத் தமிழ் நூல் என்றால், 2005 முதல் இயங்கும் நூலகம் என்ற மின்னூலகத்தில் தேடுங்கள். இப்படிக் கிடைக்கக்கூடியவற்றின் சாதாரணப் பதிப்புகளை அடைகாக்க வேண்டியதில்லை.

ஆனால் ஓர் எச்சரிக்கை. நாட்டுடைமை நூல் என்றால் அவசரமாக அச்சேற்றி, பிழை மலிந்து, முன்னுரையைக் கழற்றிவிட்டு, சில சமயம் அத்தியாயமே காணாமல் வந்த பதிப்புகளும் உண்டு. உங்களிடம் இருப்பது பாடம் ஒப்பிட்டுச் சரிபார்த்த செம்பதிப்பாக இருந்தால் அதை வைத்துக்கொண்டு மலிவுப் பதிப்பைக் கொடுங்கள். நம்மில் பலர் செய்வது நேர்மாறு. பளபளக்கும் அட்டை உள்ளே, மங்கிய நல்ல பதிப்பு வெளியே.

1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதி சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும் போக வேண்டும். 1896-இல் திறக்கப்பட்ட நூலகம் அது. எழும்பூருக்குப் போய் வரக்கூடிய தூரத்தில் இருப்பவருக்கு இது பெரிய ஆறுதல். விதி இருப்பதால் எல்லாப் பதிப்பாளரும் தவறாமல் அனுப்பியிருப்பார்கள் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். அபூர்வம் என்று தோன்றினால் நூலகப் பட்டியலில் ஒருமுறை தேடிவிட்டுக் கொடுங்கள்.

மூன்றாவது கேள்வி, யாருக்கு என்பது. அதற்கு வருமுன் ஒரு பாவத்தைச் சொல்லியாக வேண்டும்.

எடைக்குப் போடுமுன்

அப்பா வாரப் பத்திரிகைகளில் வந்த தொடர்கதைகளை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, முடிந்ததும் காலிகோ முதுகு போட்டு பைண்டு செய்து வைத்திருந்தார். பதினொரு தொகுதிகள். அந்தக் கதைகள் எல்லாம் பிறகு புத்தகமாகவே வந்துவிட்டனவே, இந்தப் பழுப்புத் தாள் எதற்கு என்று ஒரு பொங்கலுக்கு முந்தைய நாள் பழைய பேப்பர்காரரிடம் போட்டேன். சினிமா டிக்கெட் வாங்கும் அளவுக்குக் காசு வந்தது. பத்திரிகையில் அந்தக் கதைகளோடு வந்த சித்திரங்கள் புத்தகப் பதிப்புகள் பலவற்றில் இல்லை என்று எனக்குத் தெரிந்தது ரொம்பப் பின்னால். கோபுலு, மணியம் போன்றவர்கள் வாரந்தோறும் வரைந்தவை அவை. பக்க ஓரத்துத் துணுக்கு, பின்பக்கத்து விளம்பரம், அப்பாவின் பென்சில் குறிப்பு, எல்லாம் சேர்ந்து கிலோ கணக்கில் போயின. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அது இன்னும் மோசம்.

ஆகவே பைண்டு செய்த தொடர்கதைகள், சிற்றிதழ்கள், மாநாட்டு மலர்கள், பள்ளி கல்லூரி ஆண்டு மலர்கள், உள்ளூர்க் கோயில் தலபுராணங்கள், ஊர் வரலாறு பேசும் சிறு வெளியீடுகள், பழைய நாடக நோட்டீசுகள் ஆகியவற்றை ஒரு தனிப் பெட்டியில் ஒதுக்குங்கள். அட்டை கிழிந்திருந்தாலும் சரி. ஈழத்துக் குடும்பங்களில் இறந்தவர் நினைவாக அச்சிடும் நினைவு மலர்களும் இந்தக் கணக்கில் சேரும். ஒரு குடும்பத்தின் வம்சாவளியும் ஊரின் கதையும் அவற்றில் மட்டுமே இருக்கக்கூடும். இவற்றுக்குக் கடையில் விலை இல்லை. ஆய்வாளருக்கு வேறெங்கும் கிடைக்காது.

யாரிடம் கேட்பது? கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் பெயர்ப்பலகை எழுதும் தொழில் செய்தவர். நூல்களோடு நாடக நோட்டீசு, அழைப்பிதழ் என்று மற்றவர்கள் தூக்கி எறிவதையும் சேர்த்தவர். 1992-இல் அவர் மறைந்தபின் அந்தத் தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, சென்னையிலேயே இருக்கச் செய்தது. இன்று தரமணியில் இயங்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அப்படி உருவானதுதான். புதுக்கோட்டையில் ஞானாலயா என்ற தனியார் ஆய்வு நூலகம் இருக்கிறது. இப்படிப்பட்ட இடங்களுக்கு முதலில் ஒரு பட்டியல் அனுப்புங்கள்: தலைப்பு, ஆண்டு, இதழ் எண். அவர்களிடம் ஏற்கெனவே இருந்தால் வேண்டாம் என்பார்கள். பெட்டியோடு போய் வாசலில் நிற்பது அவர்களுக்கும் சங்கடம், உங்களுக்கும் ஆட்டோ காசு.

ஏட்டுச்சுவடிகளை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விடும் வழக்கம் இருந்ததை உ. வே. சாமிநாதையர் வேதனையோடு பதிவு செய்திருக்கிறார். விட்டவர்கள் கெட்டவர்கள் அல்லர், புண்ணியம் என்று நினைத்தே செய்தார்கள். நான் சினிமாவுக்குப் போனேன்.

கூசாமல் அனுப்பக்கூடியவை

இதை விரித்துப் பேச ஒன்றுமில்லை. போட்டித் தேர்வுக் கையேடுகள் தேர்வு முடிந்த மாதமே கைமாற வேண்டும். பாடத்திட்டம் மாறிவிட்டால் அவை வெறும் தாள். வருமான வரி வழிகாட்டி, பழைய பொது அறிவுத் தொகுப்பு, இன்று யாரும் பயன்படுத்தாத மென்பொருளுக்கான பயிற்சி நூல் ஆகியவை எடைக்கே போகலாம். இருபது வருடத்துக்கு முந்தைய மருத்துவக் குறிப்பு நூலை அடுத்தவருக்குக் கொடுப்பது உதவியாகாது. தன்னம்பிக்கை நூல்களில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கொடுத்துவிடலாம். ஒன்றைப் படித்தவருக்கு மற்றவை தெரிந்தவையே. இது என் கருத்து, சண்டைக்கு வராதீர்கள்.

மழைத்தண்ணீர் பட்டுப் பூஞ்சை பிடித்தவை வேறு வகை. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் எத்தனையோ வீட்டு மொட்டைமாடிகளில் புத்தகங்கள் காய்ந்தன. காய்ந்தபின் பக்கம் பிரிந்தால் வைத்துக்கொள்ளுங்கள். கறுப்புப் புள்ளியும் மக்கல் வாடையும் போகவில்லை என்றால் எந்த நூலகத்துக்கும் கொடுக்காதீர்கள், மற்ற நூல்களுக்கும் பரவும். கரையான் ஏறியதும் அப்படியே. ராமபாணப் பூச்சி நாலு ஓட்டை போட்டிருந்தால் பரவாயில்லை. பக்கத்துக்குப் பக்கம் தட்டி, ஒருவாரம் தனியே வைத்துப் பார்த்துவிட்டுக் கொடுக்கலாம்.

யார் கையில் சேர்ப்பது

நண்பர்களிடமிருந்து தொடங்குங்கள். ‘என்னிடம் புத்தகம் இருக்கிறது, வேண்டுமா?’ என்று பொதுவாகக் கேட்டால் எல்லாரும் வேண்டும் என்பார்கள், யாரும் வரமாட்டார்கள். ஒரு வீட்டுக்குப் போகும்போது அவருக்கென்று யோசித்து மூன்று புத்தகம் எடுத்துப் போங்கள். பார்த்து ஒன்றை அவரே எடுத்துக்கொள்ளட்டும், மற்ற இரண்டு திரும்பி வரட்டும். தானே தேர்ந்த புத்தகத்தை மனிதர்கள் படிக்கிறார்கள். தலையில் கட்டியது டிவி மேசைக்கு அடியில் போகிறது.

அடுத்து எல்லாருக்கும் நினைவு வருவது பொது நூலகம். இங்கே கொஞ்சம் விவரம் தெரிந்துகொள்வது நல்லது. 1948-இல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டத்தின் பயனாக இன்றும் நாம் சொத்து வரியோடு 10 சதவீதம் நூலக வரி கட்டுகிறோம். ஆகவே கிளை நூலகம் நம்முடையது என்ற உரிமையோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடத் தோன்றும். நானும் போனேன். எந்த ஊர் என்பது வேண்டாம். நூலகர் நல்ல மனிதர், மறுக்க மனமின்றி வாங்கி வைத்துக்கொண்டார். ஒன்றரை வருடம் கழித்துப் போனபோது, நான் கட்டிய பச்சைக் கயிற்றின் முடிச்சுகூட அவிழாமல் இரண்டு பெட்டிகளும் மாடிப்படிக்குக் கீழே இருந்தன.

அவரைக் குறைசொல்ல முடியாது. அரசு நூலகத்தில் ஒரு புத்தகம் பதிவேட்டில் ஏறினால் அதற்கு அவர் கணக்குக் காட்ட வேண்டும். தொலைந்தால் பதில் சொல்ல வேண்டும், கழிப்பதென்றால் அதற்குத் தனி நடைமுறை. ஒற்றை ஆளாக நூலகத்தைத் திறந்து, பெருக்கி, பதிவு போடும் ஒருவரிடம் தரம் பிரிக்காத நாற்பது கிலோவை இறக்கிவிட்டு வந்தது நான் செய்த வேலை. இப்போது இப்படிச் செய்கிறேன்: முதலில் ஒரு நாள் போய் வாசகராக உட்காருகிறேன். அலமாரிகளில் எது தேய்ந்திருக்கிறது, எதில் தூசு என்று பார்த்தால் அந்த ஊரின் பசி தெரிந்துவிடும். ஒரு கிளையில் குழந்தைகள் பகுதி கந்தலாகக் கிடந்தது. இன்னொன்றில் விவசாய நூல்களைத்தான் கேட்கிறார்கள். பிறகு ஒரு தாளில் பட்டியல் எழுதி நூலகரிடம் நீட்டி, வேண்டியதற்கு எதிரே டிக் போடச் சொல்கிறேன். பத்துக்கு நாலு தேறினால் நல்ல அறுவடை. அந்த நாலும் அலமாரிக்குப் போகின்றன.

பள்ளிக்கூடத்துக்குக் கொடுப்பதும் இதே முறைதான். கூடுதலாக ஒன்று: நீங்களே ஒருமுறை பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு என்று கட்டிய பெட்டியில் ஒரு துப்பறியும் நாவல் எப்படிக் கலந்தது என்று தலைமையாசிரியரிடம் விளக்கிய அனுபவம் எனக்கு உண்டு. அட்டையில் துப்பாக்கி மட்டும் இருந்திருந்தால் சமாளித்திருப்பேன்.

நாம் நினைக்காத வாசகர்கள் இருக்கிறார்கள். 2023 சென்னைப் புத்தகக் காட்சியில் சிறைத்துறை ‘கூண்டுக்குள் வானம்’ என்ற பெயரில் அரங்கு அமைத்து, சிறைவாசிகளுக்காகப் புத்தகங்களைக் கொடையாக வாங்கியது. அங்கே நேரம் இருக்கிறது, எண்ணூறு பக்க நாவல்களுக்கு ஏற்ற இடம். தூத்துக்குடியில் ஒரு சலூன்காரர் தன் கடையிலேயே நூலகம் வைத்து, காத்திருக்கும்போது படிப்பவர்களுக்குக் கட்டணத்தில் சலுகை தருகிறார். உங்கள் தெரு முடிதிருத்தும் கடையிலும் ஒரு பலகை அடிக்க இடமிருக்கும். சிறுகதைத் தொகுப்புகளாகப் பார்த்துக் கொடுங்கள். நாவல் கொடுத்தால் பாதியில் கூப்பிட்டுவிடுவார்கள். முதியோர் இல்லம் என்றால் பெரிய எழுத்து, குறைந்த எடை.

கடைசியாக, பழைய புத்தகக் கடை. இதை ஏன் பலர் இழிவாக நினைக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. சென்னை மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்தபின் கடைகள் பக்கத்து அல்லிக்குளம் வளாகத்துக்குப் போயின. திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதையில் ஞாயிறு தோறும் கூட்டம் குனிந்து நிற்கும். நன்கொடை வாங்கும் நிறுவனம் எதையும் மறுக்கக் கூச்சப்படும். நடைபாதைக் கடைக்காரருக்கு அந்தக் கூச்சம் இல்லை. தன் தார்ப்பாயில் விற்காத ஒன்றையும் அவர் எடுக்கமாட்டார். அவர் எடுத்துக்கொண்டார் என்றால் அதற்கு ஒரு வாசகர் உண்டு என்று பொருள். மொத்தமாக ஒரு தொகை சொல்வார், அட்டை விலையோடு ஒப்பிட்டு மனம் நோகாதீர்கள். நாளெல்லாம் வெயிலில் உட்காருபவர் அவர். பேரம் பேசுவதைவிட, அந்தக் காசுக்குப் பதில் அங்கிருந்து இரண்டு புத்தகம் எடுத்துக்கொள்கிறேன் என்று கேளுங்கள், மகிழ்ச்சியாகச் சம்மதிப்பார். பதினைந்து போய் இரண்டு வருவது குறைப்புத்தான்.

கையெழுத்துப் போட்டவை, கடன் போனவை

ஆசிரியர் உங்கள் பெயரெழுதிக் கையெழுத்திட்ட பிரதியை என்ன செய்வது? ஆசிரியர் அதே நகரத்தில் இருந்தால் பழைய கடைக்கு மட்டும் போடாதீர்கள். அவர்களும் அங்கேதான் வருகிறார்கள். ‘அன்புடன்’ என்று எழுதியது தார்ப்பாயில் கிடப்பதை அவரே குனிந்து எடுத்தால், அடுத்த கூட்டத்தில் நீங்கள் பின்வரிசைக்குப் போக வேண்டியிருக்கும். அதற்காக அந்தப் பக்கத்தைக் கிழிப்பதும் கூடாது. நூலின் தையல் தளர்ந்துவிடும். தெரிந்தவருக்குக் கைமாற்றாகக் கொடுங்கள். கல்யாணத்துக்கு வந்த புத்தகங்களும் இப்படித்தான். ‘மணமக்களுக்கு’ என்று எழுதியது ஒன்றிரண்டு இருக்கட்டும், ஒரே நூலின் ஏழு பிரதிகள் வேண்டாம்.

இரவல் கொடுப்பது வைத்துக்கொள்வதற்கும் கொடுப்பதற்கும் நடுவில் மாட்டிக்கொண்ட விவகாரம். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்: தலைப்பு, யாருக்கு, தேதி. ஆறு மாதத்தில் ஒருமுறை, ஒரு வருடத்தில் இன்னொரு முறை நினைவூட்டுங்கள். வரவில்லை என்றால் ‘இரவல்’ என்பதை அடித்துவிட்டு ‘கொடுத்தது’ என்று எழுதிவிடுங்கள். நட்பு மிஞ்சும். நினைவூட்ட மனம் வராத ஒருவருக்குத் திரும்ப வேண்டிய புத்தகத்தைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

கட்டி அனுப்புதல்

பெட்டி சிறியதாக இருக்கட்டும். பிஸ்கட் பெட்டி, சோப்புப் பெட்டி அளவுதான் சரி, பத்துப் பன்னிரண்டு கிலோவுக்கு மேல் ஏற்றாதீர்கள். என் அம்மிக்கல் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். கனமானவை அடியில், படுக்கைவசத்தில். முதுகு மேல்நோக்கி நிறுத்தினால் தையல் விட்டுப்போகும். அந்துருண்டை போட்டு வைத்திருந்தால் இரண்டு நாள் நிழலில் பரப்பி வாடையை விரட்டுங்கள், குழந்தைகளுக்குப் போவதாக இருந்தால் கட்டாயம்.

ஒவ்வொரு புத்தகத்தையும் முதுகைப் பிடித்துத் தலைகீழாக உதறுங்கள். என் புத்தகங்களிலிருந்து இதுவரை விழுந்தவை: செல்லாத ஐந்நூறு ரூபாய்த் தாள் ஒன்று, தங்கையின் ஜாதக நகல், ஒரு காஸ் ரசீது, மயிலிறகு. வங்கி விவரமோ அடையாள அட்டை நகலோ மாட்டியிருந்தால் அதோடு போய்விடும். முன்பக்கத்தில் எழுதிய முகவரியையும் தொலைபேசி எண்ணையும் அடித்துவிடுங்கள், பெயர் இருந்தால் இருக்கட்டும். ஓரத்தில் பென்சிலால் எழுதியவற்றை அழிக்கத் தேவையில்லை. பழைய கடையில் வாங்கியதில் முகம் தெரியாத ஒருவர் ‘பொய்!’ என்று எழுதியிருந்த பக்கத்தைப் பார்த்து நான் சிரித்த அளவுக்கு அந்த நூலின் வேறெந்தப் பக்கமும் என்னைச் சிரிக்க வைக்கவில்லை.

வெளியூர் என்றால் அஞ்சல்தான் மலிவு. அஞ்சல் துறை 2025 மே மாதம் புத்தகங்களுக்கென்று ‘ஞான் போஸ்ட்’ என்ற சேவையைத் தொடங்கியது. அப்போது அறிவித்த கட்டணம் 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. தரைவழியாகப் போவதால் மெதுவாகத்தான் சேரும். புத்தகம் தவிர வேறு பொருள் எதையும் உள்ளே வைக்காதீர்கள், முறுக்குப் பொட்டலம் உட்பட. கொடுத்தவற்றின் பட்டியலை இரவல் நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். இல்லையென்றால் அடுத்த ஜனவரிப் புத்தகக் காட்சியில், 10 சதவீதத் தள்ளுபடியைப் பார்த்த மயக்கத்தில், கொடுத்த புத்தகத்தையே மறுபடி வாங்கி வருவீர்கள். எனக்கு இரண்டு முறை நடந்திருக்கிறது.

பத்து நாள் கழித்துப் பார்சல் வந்ததா என்று ஒருமுறை போன் செய்து விசாரியுங்கள். படித்தீர்களா என்று மட்டும் கேட்காதீர்கள். நான் கேட்ட ஒரு நண்பர் அதற்குப் பிறகு ஒரு வருடம் என் போனை எடுக்கவில்லை.